கொப்பரையை மாத்துங்க, அப்புறம் மருந்து எழுதுறேன்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க. வெல்லம் வாங்குற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி, கிளினிக்கை மூடுற நேரத்துல ஒரு தம்பி வந்தார். வயசு இருபத்தாறு இருக்கும். உடம்பெல்லாம் நடுக்கம், 102 டிகிரி காய்ச்சல். நெஞ்சு இறுக்கமா இருக்கு, வாயில இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசின்னு சொன்னார். திருத்தணியில மழை முடிஞ்ச சீசன்ல காய்ச்சல்னு யார் வந்தாலும் எனக்கு முதல்ல டெங்குதான் ஞாபகம் வரும். ரத்தம் எடுக்கச் சொல்லி சீட்டும் எழுதிட்டேன். எழுதிக் கொடுக்கும்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் பொடிப்பொடியா நெருப்புப் பொறி பட்ட தடம்.

"இன்னைக்குப் பகல்ல என்ன வேலை பார்த்தீங்க தம்பி?"

"மாடியில ஜி.ஐ. ஷீட்டை வெல்டிங் பண்ணேன் சார். கரும்புப் பாகு காய்ச்ச தட்டைக் கொப்பரை ஒண்ணு செய்யறேன்."

நோய் பிடிபட்டுடுச்சு. ஜி.ஐ. ஷீட்னா இரும்புத் தகட்டு மேல துத்தநாகம் பூசினது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாயிடும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேணும். அப்போ நீங்க அந்தத் தகட்டுல வெல்டு வைக்கும்போது இரும்பு உருகுறதுக்குள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையா கிளம்பி உங்க நுரையீரலுக்குள்ள போயிடும். நாலு மணி நேரம் கழிச்சு, சில பேருக்கு பத்து மணி நேரம் கழிச்சு, குளிர், காய்ச்சல், உடம்பு வலி. அச்சு அசலா ஃப்ளூ மாதிரியே இருக்கும். இதுக்கு மெட்டல் ஃபியூம் ஃபீவர்னு பேரு. பட்டறைக்காரங்க நடுவுல 'திங்கட்கிழமைக் காய்ச்சல்'னு ஒரு பேரும் உண்டு. தினமும் புகையை இழுக்கும்போது உடம்பு பழகிக்கும், ஞாயித்துக்கிழமை லீவு விட்டா பழக்கம் விட்டுப்போயிடும், திங்கட்கிழமை மறுபடி காய்ச்சல். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானாவே சரியாயிடும். பாராசிட்டமால் கொடுத்து, மூச்சு வாங்கினா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

தேறினதும் தம்பி நன்றி சொல்ல வந்தார். கையில மொபைல். கொப்பரை போட்டோ காட்டி, "சார், வெல்டிங் முடிஞ்சுபோச்சு. இனிமே காய்ச்சலாம்ல?"ன்னு கேட்டார்.

காய்ச்சக்கூடாது. அதுக்குக் காரணம் சொல்ல உட்கார்ந்தவன்தான், கடைசியில எங்கேயோ போய் நின்னுட்டேன்.

தம்பி சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுலேர்ந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்குறவர். பள்ளிப்பட்டு பக்கம் குடும்பத்துக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. கனடாக்காரங்க வீட்டுக் கொல்லையில மேப்பிள் மரத்துச் சாறை எடுத்து, தட்டைப் பாத்திரத்துல காய்ச்சி, தேன் மாதிரி பாகு எடுக்குற வீடியோ ஒண்ணு பார்த்திருக்கார். அவங்களுக்கு மேப்பிள்னா நமக்குக் கரும்பு, நாமளும் செஞ்சு பாட்டில்ல அடைச்சு வித்தா என்னன்னு தோணியிருக்கு. நல்ல யோசனைதான். சொல்லப்போனா அவங்களைவிட நமக்கு வேலை குறைவு. மேப்பிள் சாறுல இனிப்பு ரெண்டு சதவீதம்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு காய்ச்சணும். நல்லா விளைஞ்ச கரும்புன்னா சாறுல 18 சதவீதம் வரைக்கும் கரைஞ்ச திடப்பொருள் இருக்கும். அஞ்சு லிட்டர் சாறுக்கு ஒரு லிட்டர் பாகு கிடைச்சுடும்.

அவங்க ஏன் தட்டைப் பாத்திரம் வெச்சுக்குறாங்க? தண்ணி மேல்பரப்புலேர்ந்துதான் ஆவியாகும். குடம் மாதிரி குறுகலா, ஆழமா இருந்தா நாள் முழுக்கக் கொதிக்கும். அகலமா, தட்டையா இருந்தா சீக்கிரம் வத்தும், தீ படுற அடிப்பரப்பும் அதிகம். அமெரிக்காவுல வெள்ளைக்காரக் குடியானவங்களும் முதல்ல இரும்புக் குண்டான்ல காய்ச்சினவங்கதான். 1858-ல ஒஹாயோ மாநிலத்து குக் என்பவர் தட்டைப் பாத்திரத்துக்குள்ள குறுக்குத் தடுப்பு வெச்சு காப்புரிமை வாங்கினார். ஒரு பக்கம் ஊத்துற சாறு வளைஞ்சு வளைஞ்சு ஓடி, மறு முனைக்கு வரும்போது பாகாயிருக்கும். அப்புறம் பாத்திரத்தோட அடியையே மடிச்சு மடிச்சு, மடிப்புக்கு நடுவுல தீ ஓடுற மாதிரி செஞ்சாங்க. எல்லாம் விறகு மிச்சம் பிடிக்கத்தான்.

தம்பி இதையெல்லாம் என்னைவிட நல்லா படிச்சு வெச்சிருந்தார். அவர் விட்ட இடம் ஒண்ணுதான், பாத்திரத்தோட உலோகம்.

கரும்புச் சாறு புளிப்புத்தன்மை உள்ளது. பி.எச். அஞ்சு, அஞ்சரை. இதை மணிக்கணக்கா துத்தநாகப் பூச்சு மேல கொதிக்க வெச்சா பூச்சு கரைஞ்சு பாகுல இறங்கும். குடிச்சா குமட்டல், வாந்தி, வயித்து வலி. புளிக் குழம்பை ஜி.ஐ. வாளியில வைக்காதேன்னு பாட்டி சொன்னதோட காரணம் இதுதான். அதைவிட எனக்கு பயம் ஒழுகுற மூலையை அடைக்குற பற்றாசு. ரேடியோ ரிப்பேர்க் கடையில கிடைக்குற பழைய வகை பற்றாசுக் கம்பியில காரீயம் இருக்கும். காரீயம் உடம்புக்குள்ள போறதுக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. குழந்தைங்க மூளைக்கு அது விஷம். மேப்பிள்காரங்களே பழைய ஈயப் பற்றாசு வெச்ச வாளியையும் கொப்பரையையும் தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்காங்க.

இங்க நம்ம மொழியில ஒரு வம்பு இருக்கு. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசத்துக்கு வைக்குற ஈயச் சொம்பு வெள்ளீயத்துல செய்யணும். அது வேற உலோகம். பித்தளைக்குப் பூசுற ஈயமும் வெள்ளீயம்தான். 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஈயம்தான் சார்'னு என்கிட்ட வாதாடுறவங்க, கடைக்காரர் கையில கொடுத்தது எந்த ஈயம்னு கேட்டுட்டு வந்து வாதாடுங்க.

தம்பிக்கு நான் சொன்னது: உணவுக்கு உகந்த 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வாங்குங்க. ஓட்டல் பாத்திரம் செய்யுற பட்டறையில ஆர்கான் வெல்டிங் போடச் சொல்லுங்க. பற்றாசே வேண்டாம். கரும்புச் சாறு பொங்கும், அதனால சாறு மட்டத்துக்கு மேல குறைஞ்சது அதே அளவு உயரம் காலியா விடுங்க. பொங்கி வந்தா ரெண்டு சொட்டு கடலெண்ணெய். தட்டைக் கொப்பரையில கடைசி வரைக்கும் காய்ச்சாதீங்க. ஓர் அங்குலத்துக்குக் கீழ வந்தா மூலையில கருகும். முக்கால் பதத்துல சின்னப் பாத்திரத்துக்கு மாத்தி அதுல பதம் பாருங்க. இப்படி மாத்துறதுக்கு, கொப்பரையோட ஒரு மூலையில ஒண்ணரை அங்குல ஸ்டீல் குழாய் ஒண்ணு வால்வோட வெச்சே ஆகணும்.

அவர் ஆசைப்பட்டு செய்யுற மத்த மாற்றம் எல்லாம் எரிபொருளுக்காக. இந்தக் குழாய் மட்டும் மனுஷனுக்காக. கொதிக்குற பாகை ரெண்டு பேர் துணி சுத்திப் பிடிச்சுத் தூக்கிக் கவுக்குறதை நான் பார்த்திருக்கேன். கவுக்கும்போது வழுக்கினவரோட காலையும் பார்த்திருக்கேன். பாகுப் பதம் 105 டிகிரி, வெல்லப் பதம் 118 டிகிரி. சுடுதண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும். பாகு ஒட்டிக்கிட்டு, ஆறுற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, வீட்டுக்குள்ள காய்ச்சாதீங்க. 50 லிட்டர் சாறைப் பாகாக்க ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணியை ஆவியாக்கணும். அத்தனையும் உங்க சமையலறைச் சுவத்துலதான் இறங்கும். கேஸ் அடுப்புன்னா சிலிண்டர்ல மூணுல ஒரு பங்கு காலி. வெளியில, காத்தோட்டமா, இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டிக் காய்ச்சுங்க.

இதெல்லாம் கேட்டுட்டு அவர் சொன்னார்: "எங்க பெத்தம்மா ஆலையில இதுல ஒண்ணு கூட இல்லையே சார். நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

எங்க ஊர்ப் பக்கத்துல பாதி வீட்டுல தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவாங்க. இந்த ஊரே 1960-ல தான் ஆந்திராவிலேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பெரியம்மா இங்க பெத்தம்மா. வெல்லம் பெல்லம். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் வெல்லத்துக்கு எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும்.

ஞாயித்துக்கிழமை போனேன். கீத்துக் கொட்டகை. ஒரு பக்கம் கரும்பு பிழியுற மிஷின். நடுவுல மண்ணுல குழி வெட்டி அடுப்பு, அது மேல பெரிய வட்டக் கொப்பரை. பேருக்கு ஒரு புகைபோக்கி, ஆள் உயரம்கூட இல்லை, அதுவும் விரிசல் விட்டிருந்தது. கொட்டகை முழுக்கப் புகை. அடுப்பு வாயிலே ஓர் அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்து காய்ஞ்ச சக்கையைக் கைப்பிடி கைப்பிடியா உள்ள தள்ளிக்கிட்டு இருந்தாங்க. முகத்தைத் திருப்பினாங்க. எனக்குத் தெரிஞ்ச முகம்.

ரெண்டு வருஷமா என்கிட்ட வர்றவங்க. ஆஸ்துமான்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன், டோஸ் ஏத்தினேன், ஒவ்வொரு மார்கழியிலும் மோசமாகி வரும்போது பனி ஒத்துக்கலைன்னு சொல்லி அனுப்பினேன். சீட்டுல தொழில்னு இருக்கிற இடத்துல 'இல்லத்தரசி'ன்னு இருந்தது. அதை எழுதினதும் என் கைதான். கேட்டு எழுதலை. சேலை கட்டின வயசானவங்க வந்தா கை தானா அப்படி எழுதிடுது.

"என்ன பாபு, இங்க எதுக்கு வந்த?"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இருமல்ல போய் முடிஞ்சுது. எத்தனை வருஷமா இந்த வேலைன்னு கேட்டேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்துன்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல. பனி ஒத்துக்கலை இல்லை மக்களே. மார்கழியிலதான் பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சுவாங்க.

அடுத்த வாரம் ஊதிப் பார்க்குற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரி, எடுக்க வெச்சேன். மூச்சுக்குழாய் விரியுற மருந்து கொடுத்த பிறகும் அடைப்பு மாறலை. சி.ஓ.பி.டி. சிகரெட் பிடிக்குறவங்களுக்கு வர்ற நோய்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவங்க வாழ்நாள்ல ஒரு பீடியைத் தொட்டது கிடையாது. விறகும் சக்கையும் எரியுற புகையில இருக்கிற நுண்துகளுக்கு பீடிப் புகை, அடுப்புப் புகைங்கிற வித்தியாசம் தெரியாது. வீட்டு அடுப்புப் புகையால மட்டும் 2020-ல 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அது சோறு பொங்குற அடுப்பு. ஆலை அடுப்பு அதுல பல மடங்கு பெரிசு.

இதுல எனக்கு ஒரு கோபம் உண்டு. 2016-ல உஜ்வலா வந்தது, கேஸ் அடுப்பு கிராமத்துக்கு வந்தது, நல்ல விஷயம். இந்த அம்மா வீட்டுலயும் கேஸ் இருக்கு. சமைக்குற ஒரு மணி நேரம் புகை இல்லை. மிச்சம் பத்து மணி நேரம் ஆலையில புகை. வீட்டு அடுப்பைப் பத்திப் பேச ஆள் இருக்கு. தொழில் அடுப்பைப் பத்தி யாரும் பேசுறதில்லை. அது குடிசைத் தொழில், பாரம்பரியம், இயற்கைன்னு நாம போட்டோ எடுத்து லைக் போட்டுட்டுப் போயிடுறோம்.

கணக்கைப் பாருங்க. ஒரு டன் கரும்பு பிழிஞ்சா ஏறத்தாழ 600 கிலோ சாறு. அதுலேர்ந்து 100 கிலோ வெல்லம். மிச்சம் 500 கிலோ தண்ணி ஆவியாகணும். வெல்லம் காய்ச்சுறதுங்கிறது அடிப்படையில தண்ணியை விரட்டுற வேலை. எந்த அடுப்புல சூடு வீணாகுதோ, அந்த அடுப்புக்கு அதிகமா சக்கை தள்ளணும், அதிக நேரம் முன்னாடி உட்காரணும், அதிகமாப் புகையை இழுக்கணும். எரிபொருள் வீணும் நுரையீரல் வீணும் ஒரே கணக்குதான். சக்கை பத்தாம டயர் எரிக்குற இடங்களும் உண்டு. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா என் ரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுடுறேன்.

கொப்பரையை மாத்தினா இது குறையும். லக்னோவுல இருக்கிற இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல கொப்பரை அடியில தகட்டுப் பட்டைகளை வரிசையா பொருத்திப் பார்த்தாங்க. தீ ஓடுற திசையிலேயே பட்டை இருக்கும், மோட்டார் சைக்கிள் இன்ஜின்ல இருக்கிற மாதிரி. ஆனா அங்க சூட்டை வெளியேத்த, இங்க உள்ள இழுக்க. அடுப்பு சூட்டைப் பயன்படுத்துற திறன் 9 சதவீதத்துக்கு மேல கூடினதா 2010-ல ஆய்வுக் கட்டுரையா வந்தது. மேப்பிள்காரங்க மடிப்பு அடி வெச்சதும் இதுதான். இதோட, அடுப்புலேர்ந்து புகைபோக்கிக்குப் போற சூடான புகைப் பாதை மேல இன்னொரு தட்டைக் கொப்பரையை வெச்சா, அடுத்த காய்ச்சலுக்கான சாறு சும்மாவே சூடாகிக்கிட்டு இருக்கும். புகைபோக்கியைக் கூரைக்கு மேல நல்லா உயர்த்திட்டா இழுவை கூடி, புகை கொட்டகைக்குள்ள திரும்பாது. ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. கொத்தனாரும் வெல்டரும் சேர்ந்தா முடியுற வேலை.

சக்கையையும் கவனிக்கணும். மிஷின்லேர்ந்து வர்ற சக்கையில பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். அதை நல்லாக் காய வெச்சு எரிச்சா புகை குறையும். ஈரத்தோட குவிச்சு வெச்சா பூஞ்சைப் பிடிச்ச மாதிரி நுண்ணுயிர் வளரும். அந்தத் தூசியைச் சுவாசிச்சா பகாசோசிஸ்னு தனியா ஒரு நுரையீரல் நோயே இருக்கு. சக்கைக் குவியலைக் கிளறின அன்னைக்கு சாயங்காலம் இருமலும் காய்ச்சலும் வந்தா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. நாங்க கேட்க மறந்துடுவோம்.

பாத்திரத்தோட வடிவம் மனுஷ உடம்பைக் காப்பாத்துங்கிறது நான் கண்டுபிடிச்சது இல்லை. 1800-கள்ல அமெரிக்காவோட லூசியானா கரும்புத் தோட்டங்கள்ல அடிமைகளை வெச்சுதான் சர்க்கரை காய்ச்சினாங்க. வரிசையா திறந்த கொப்பரைகள். கொதிக்குற சாறை ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு நீளக் கரண்டியால மொண்டு மொண்டு ஊத்தணும். வெந்துபோன உடம்புகளுக்குக் கணக்கே இல்லை. அதே ஊர்ல, வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்கும் சுதந்திரமான கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் நோர்பர்ட் ரில்லியூ. பாரிஸ்ல பொறியியல் படிச்சவர். ஒரு கலத்துல எழும்புற ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைக் கொதிக்க வைக்குற மூடின கருவி ஒண்ணைச் செஞ்சார். 1843-லயும் 1846-லயும் காப்புரிமை. எரிபொருள் மிச்சமாச்சு, சர்க்கரை தரமாச்சு, கரண்டியால மொள்ளுற வேலையே இல்லாம போச்சு. அவர் மனசுல இருந்தது விறகா மனுஷனான்னு நான் வாதாட வரலை. இன்னைக்கு பெரிய சர்க்கரை ஆலைகள் ஓடுறது அந்தத் தத்துவத்துலதான். எங்க பக்கத்துல திருவாலங்காட்டுல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. அங்க யாரும் அடுப்பு வாயில உட்கார்ந்து சக்கை தள்ளுறதில்லை. நாம 'கெமிக்கல் சர்க்கரை'ன்னு திட்டுற ஆலையில தொழிலாளிக்கு இருக்கிற பாதுகாப்பு, நாம 'இயற்கை'ன்னு கும்பிடுற கொட்டகையில இல்லை.

இப்போ வாங்குறவங்க பக்கம் வர்றேன். திட்டாதீங்க.

வெல்லம் சர்க்கரை நோயாளிக்கு நல்லதான்னு வாரத்துக்குப் பத்து பேர் கேட்குறீங்க. பதில் மாறாது: இல்லை. மூணுல ரெண்டு பங்குக்கு மேல அதே சுக்ரோஸ்தான். காபியில நீங்க போடுற ஒரு உருண்டையில இருக்கிற இரும்புச் சத்தை நம்பி ரத்தசோகை மாத்திரையை நிறுத்தாதீங்க. ருசிக்காக, அளவா சாப்பிடுங்க. சர்க்கரைப் பொங்கல் இல்லாம பொங்கலா? ஆனா 'வெல்லம் ஆரோக்கியம்'னு சொல்லும்போது யாரோட ஆரோக்கியம்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

ரெண்டாவது, நிறம். அந்த ஆலைக்காரர்கிட்ட ஏன் ஹைட்ரோஸ் போடுறீங்கன்னு கேட்டேன். மறைக்கலை. "வெள்ளையா, மஞ்சளா இருந்தாத்தான் மண்டியில விலை சார். கறுத்துப் போச்சுன்னா மூட்டைக்கு எவ்வளவு குறைப்பான் தெரியுமா?"ன்னார். ஹைட்ரோஸ்ங்கிறது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், சாயப்பட்டறையில வெளுக்கப் பயன்படுத்துறது. வெல்லத்துல அது விட்டுட்டுப் போற கந்தக டை ஆக்ஸைடுக்கு 70 பி.பி.எம். வரைக்கும்தான் சட்டம் அனுமதி கொடுக்குது. கொட்டகையில கை அளவுதான் அளவு. அந்த வாயு ஆஸ்துமாக்காரங்களுக்கு உடனே மூச்சு முட்ட வைக்கும். கொப்பரை மேல குனிஞ்சு தூவுறவர் அதை நேரா இழுக்குறார். இதுல வேடிக்கை, அந்த மஞ்சள் நிலைக்காது. வீட்டுல வெச்சிருந்தா கொஞ்ச நாள்ல மறுபடி கறுக்கும். நாலு நாள் அழகுக்குத்தான் இத்தனையும்.

வெல்லம் கறுக்குறதுக்கு ஒரு காரணம் அதிக நேரம் கொதிக்குறது, அடி பிடிக்குறது. தட்டையா, சீரா சூடு பரவுற கொப்பரையில சீக்கிரம் காய்ச்சி, வெண்டைத் தண்டைத் தண்ணியில கசக்கி எடுத்த வழவழப்பை ஊத்தி அழுக்கை மேல திரட்டி எடுத்துட்டா, மருந்து போடாமலே நல்ல பொன் பழுப்பு வரும். பளீர் மஞ்சள் வராது. நீங்க கடையில கறுத்த வெல்லத்தைக் கேட்டு வாங்கினா, ரெண்டு வருஷத்துல மண்டிக்காரர் மாறுவார். இது நான் ஆசையில சொல்றது. நடக்குமான்னு தெரியலை. மலைக்குக் கீழ கடைகள்ல படித் திருவிழாவுக்கு வர்ற கூட்டம் எந்த வெல்லத்தைக் கையில எடுக்குதுன்னு நின்னு பார்த்திருக்கேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. சிறு உணவுத் தொழிலுக்காக 2020-ல தொடங்கின மத்தியத் திட்டத்துல வங்கிக் கடனோட சேர்த்து, திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம்னு அறிவிச்சாங்க, அதிகபட்சம் 10 லட்சம். பாக்கெட் போடுற மிஷினுக்கும் லேபிளுக்கும் கடன் கேட்டு வர்றவங்க அதிகம். என் கருத்து என்னன்னா, வெல்ல ஆலைக்குக் கொடுக்குற எந்த மானியத்துக்கும் முதல் நிபந்தனை உயரமான புகைபோக்கி, ரெண்டாவது நிபந்தனை கொப்பரையில வடிகுழாய். இது ரெண்டும் இருந்தாத்தான் பாக்கெட் மிஷினுக்குப் பணம். 'சின்ன ஆளை நசுக்குறீங்க'ன்னு சிலர் வருவீங்க. புகைபோக்கிக்குக் கட்டாத காசை அந்த அம்மா இன்ஹேலருக்கு மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்காங்க. சின்ன ஆள்னா அவங்களும்தானே?

சரி, தீக்காயம். சீசன் நடக்குது, இதை மட்டும் சேமிச்சு வெச்சுக்குங்க. பாகு பட்டா உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. நிமிஷம் பார்த்து, முழுசா 20. ஒட்டின பாகைப் பிச்சு எடுக்காதீங்க, தோலும் சேர்ந்து வரும். தண்ணி ஓட ஓட அது தானா கரையும். மோதிரம், வளையல், கொலுசை வீங்குறதுக்குள்ள கழட்டிடுங்க. ஐஸ், மஞ்சள், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால லேசா மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இதுல பட்டாலோ, குழந்தைன்னாலோ காயம் சின்னதா தெரிஞ்சாலும் வந்தே ஆகணும்.

தம்பியோட ஜி.ஐ. கொப்பரை இப்போ மாடியில கீரை வளர்க்குற தொட்டியா போயிடுச்சு. (உள்ள தார்ப்பாய் விரிச்சு மண் போட்டிருக்கார், பயப்படாதீங்க.) ஸ்டீல் கொப்பரை பட்டறையில இருக்கு. ரெண்டு செய்யச் சொல்லியிருக்கார், ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு ஆலையில புகைப் பாதை மேல வைக்க. ஆலைக்காரர் புகைபோக்கியைப் பொங்கல் முடிஞ்சுதான் தொடுவேன்னுட்டார், சீசன்ல அடுப்பை அணைக்க முடியாதாம். அதுவரைக்கும் பெத்தம்மாவை அடுப்பு வாயிலேர்ந்து மாத்தி, வெளியில அச்சு போடுற இடத்துல உட்கார வெச்சிருக்காங்க. அடுப்பு வாயில இப்போ வேற ஒரு அம்மா. அவங்களையும் ஊதிப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன், இன்னும் வரலை.

உங்க ஊர்ல புகை கொட்டகைக்குள்ள திரும்பாத ஆலை ஏதாவது இருந்தா, புகைபோக்கி எவ்வளவு உயரம், என்ன செலவாச்சு, எந்தக் கொத்தனார் முறைன்னு கீழ எழுதுங்க. பொங்கல் முடிஞ்சதும் அந்த ஆலைக்காரர்கிட்ட காட்டணும்.